பதில் தராதவர் சம்மதித்தவராவார்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் கல்லு மாதிரி இருக்கிறோம். நீங்கள் இருவரும் ஆஸ்பத்திரி வேலை என்று என்னிடம் விட்டிருக்கும் வாண்டுவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் உன் வீட்டு நர்சம்மாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, இருவருக்கும் ஒரே ஷிப்டு கிடைக்கிறதா என்று முதலில் எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் மாமாவுக்குக் காது மந்தமானதிலிருந்து இந்த வீட்டுப் போன் மாடிப்படிவரை கேட்கிற மாதிரிதான் பேசும். இருப்பது ஒரு போன், ஒரு கூடம். மணி அடித்தால் போதும், உன் மகள் காதைத் தீட்டிக்கொண்டு மடியில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். ஆறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பேச முடியாததை எழுதித்தான் கேட்க வேண்டும். தபால்காரர் மட்டும் தவறாமல் வருகிறார், புண்ணியவான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிற விளையாட்டுத் திடலை, தொற்று பரவக்கூடாது என்று பூட்டி மூன்று மாதம் ஆகிறது. ஊஞ்சல்களை மேல் கம்பியில் சுற்றிக் கட்டிவிட்டார்கள். சறுக்குமரத்துக்குச் சிவப்பு நாடா. வாண்டு காலையில் எழுந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். உன் மாமா பழைய டிரைவர் இல்லையா, கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அவளுக்காக பஸ் ஓட்டுகிறார். முதல் வாரம் சிரித்துக்கொண்டே ஏறினாள். முந்தாநாள், "இந்த பஸ் எங்கயும் போகாது மாமா" என்று சொல்லி இறங்கிவிட்டாள். மனிதர் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவள் நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்து கிடக்கிறது. படுக்கையையும் நனைக்கிறாள். உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். போனில் அவள் குரலைக் கேட்டு ஏமாந்துவிடாதே.

இப்போது திடலைத் திறக்கலாமா என்று நகராட்சியில் பேச்சு வந்திருக்கிறது. தையல் மெஷினை விட்டு எழுந்து ஓட்டுக் கேட்கப் போனேனே, அந்த வினை இப்போது வந்து நிற்கிறது. நாலு கவுன்சிலர்கள் திற என்கிறார்கள், நாலு பேர் மூச்சு விடாதே என்கிறார்கள். மிச்சம் நான். பூங்காக் குழுவுக்கும் நானே தலைவி. வழக்கமாக எங்கள் சபையில் எனக்குத் தொல்லை கொடுப்பவர் கொட்டாவிக்காரர் ஒருவர்தான். எந்தத் தீர்மானத்தை அனுப்பினாலும் அவரிடமிருந்து பதில் வராது. தெருவிளக்கு மாற்றுவதற்குக்கூட அவருக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். போன வருஷம் எரிச்சல் தாங்காமல், 'குறித்த தேதிக்குள் பதில் தராதவர் சம்மதித்தவராவார்' என்று ஒரு விதியே கொண்டுவந்தேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே அதற்கும் கை தூக்கினார். இந்த முறை அவர் முழித்திருக்கிறார், முழி பிதுங்குவது எனக்குத்தான்.

நீ ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறாய். உனக்குத் தெரியாததா. திறந்தால் முதலில் உள்ளே போகிறவள் வாண்டுதான். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு நம் வீட்டுப் பிள்ளையைப் பூட்டி வைக்க என்னால் முடியாது. அவள் உன் பிள்ளை. நீ வேண்டாம் என்றால் நான் கை தூக்க மாட்டேன். இது அக்கா உனக்குத் தரும் வாக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். ஷிப்டு ஒத்துப்போவதில்லை. நான் வரும்போது அவள் கிளம்புவாள், கதவருகில் பேசிக்கொள்வதுதான் குடித்தனம். மாமாவுக்கு என் வணக்கம். பஸ்ஸை நிறுத்த வேண்டாம் என்று சொல்.

வாண்டு படுக்கை நனைப்பதைப் படித்துவிட்டு அவள் அம்மா அழுதாள். எனக்கும் மனசு சரியில்லை. ஆனாலும் திறக்காதே அக்கா. நாள் முழுக்கக் குழாய் குழாயாகச் சாம்பிள் வருகிறது. மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் பெயரும் வயதும் இருக்கும். பெயரை நான் படிப்பதில்லை, படித்தால் வேலை ஓடாது. வயது மட்டும் எப்படியோ கண்ணில் பட்டுவிடுகிறது. நேற்று ஒன்றில் ஆறு என்று இருந்தது. அதை முடித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

உன் நர்சம்மா என் கட்சி இல்லை. "மூடின ரூம்லதான் ஆபத்து. காத்தாட ஓடுற புள்ளைக்கு என்ன வந்துடப் போகுது? நீங்க ட்யூபையே பாத்து பாத்து பயந்து கெடக்கீங்க" என்கிறாள். இரண்டு நாள் இதே சண்டை. கைக்குழந்தையாக இருந்தபோது வாண்டுவுக்கு இழுப்பு வந்து மார்பு உள்ளே போய் வந்ததை நாங்கள் இரண்டு பேரும்தான் பார்த்தோம். அவள் மறந்துவிட்டாள், எனக்கு மறக்கவில்லை.

நான் சரி என்று எழுதும்வரை வாண்டு படி இறங்க வேண்டாம். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம், கவலைப்படாதே.

தம்பி

ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு மூன்று பேரும் சௌக்கியம். உங்கள் இருவரின் சண்டை தீர்ந்ததா? அவள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று நான் சொன்னால் அக்கா கட்சி மாறிவிட்டாள் என்று கோபித்துக்கொள்ளாதே.

போன வாரம் என்ன நடந்தது தெரியுமா. திடல் பூட்டியிருப்பதால் பிள்ளைகள் தெருவில்தான் ஆடுகிறார்கள். மருந்துக்கடைக்காரரின் மகள் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி, காய்கறி வேனில் அடிபட்டுவிட்டாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. நான் மேலே ஜன்னலில் மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டது. வாண்டு என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அன்று ராத்திரி அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் என் வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். "கேட்டைப் பூட்டிட்டு ரோட்டைத் தெறந்து விட்டிருக்கீங்கம்மா" என்றார்.

நகராட்சி மன்றத்தில் கூட்டம் போடப் பயந்து தீர்மானத்தை வீட்டுக்கு வீடு அனுப்பிவிட்டார்கள். ஜூலை பத்துக்குள் திற, திறக்காதே என்று எழுதித் தர வேண்டும். கொட்டாவிக்காரர் அன்று மாலையே திறக்காதே என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம், அதிசயம். என் தாளை மெஷின் மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டேன். உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வராமல் அதில் பேனா வைக்கப் போவதில்லை. திற என்றும் எழுத மாட்டேன், திறக்காதே என்றும் எழுத மாட்டேன். அந்தப் பெண்ணின் காலைப் பார்த்துவிட்டு இன்னும் திறக்காதே என்று எழுத என் கை வராது, அது உனக்குப் புரியும்.

இன்னொரு தடவை யோசி. நர்சம்மாவோடு உட்கார்ந்து பேசி, இருவருமாக ஒரு முடிவு எழுது. பத்தாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்க வேண்டும்.

அக்கா

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தலைக்கு மேல் வேலை, அதனால் நீளமாக எழுத முடியவில்லை.

அவளுடைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. கொஞ்ச நாளைக்கு அவளால் பேச முடியாது என்று வாண்டுவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. நான் கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறேன்.

வாண்டு ஏதாவது படம் வரைந்தால் அனுப்பி வை. பெரிதாக வரையச் சொல். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி.

தம்பி

ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று. நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது ஒன்று. திறக்கலாமா வேண்டாமா? ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லையா?

நேற்றும் போனில் வாண்டுவோடு இரண்டு நிமிஷம் சிரித்துச் சிரித்துப் பேசினாய். அத்தையிடம் கொடு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "அம்மா போன் இன்னும் காயலையா அப்பா?" என்று அவள் கேட்டதும் சிக்னல் போய்விட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கிப் பேச இன்னொரு போனா கிடைக்காது? சரி, வேலை நெருக்கடி என்று சொல்கிறாய், நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்ய, இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸும் இல்லை.

படம் வைத்திருக்கிறேன். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்றதும் காலண்டர் தாளின் பின்புறத்தில் வரைந்துவிட்டாள். நீ, நர்சம்மா, நடுவில் அவள். உன் தலையைவிட உன் கண்ணாடி பெரிதாக இருக்கிறது.

தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

ஜூலை 19

தம்பிக்கு,

எல்லோரும் நலம்தான். என் புத்திதான் நலமாக இல்லை.

திடலைத் திறந்துவிட்டார்கள். நான்தான் திறந்தேனாம். பன்னிரண்டாம் தேதி நகராட்சித் தலைவர் கூப்பிட்டு, "உங்க சம்மதத்தோட அஞ்சுக்கு நாலுன்னு நிறைவேறிடுச்சும்மா" என்று வாழ்த்துச் சொல்கிறார். நான் எங்கே சம்மதித்தேன், தாள் என் டிராயரில் வெள்ளையாகக் கிடக்கிறதே என்றேன். அவர் அமைதியாக என் விதியையே எனக்கு வாசித்துக் காட்டினார். பதில் தராதவர் சம்மதித்தவராவார். கொட்டாவிக்காரருக்கு வைத்த கண்ணியில் நானே போய்க் காலை விட்டிருக்கிறேன். பத்தாம் தேதி காலையிலிருந்து உன் கடிதத்துக்காக வாசலில் நின்றேன். வாய் திறக்காமல் இருந்தால் யார் பக்கமும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் விதி எனக்கும்தான் என்பது மண்டையில் ஏறவே இல்லை. உன் மாமா சிரிக்கவும் இல்லை. அவர் சிரிக்காவிட்டால் விஷயம் மோசம் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை ஆட்கள் ஏணி போட்டு ஊஞ்சல் சங்கிலிகளை அவிழ்த்தார்கள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் மெஷின் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. வாண்டு செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகில் போய் நின்றாள். அப்பா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அழவில்லை. செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள். அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. திட்டுவதானால் திட்டி எழுது, ஆனால் எழுது.

அக்கா

ஜூலை 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். திறந்தது திறந்ததாகவே இருக்கட்டும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வாண்டுவை மட்டும் அனுப்பாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

பள்ளிக்கூடம் திறந்தால் அவளை அங்கேயே சேர்த்துவிட முடியுமா என்று விசாரித்து வை.

படம் கிடைத்தது. கண்ணாடி வழியாகத் தெரிகிறது.

தம்பி

ஜூலை 31

தம்பிக்கு,

இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. நேற்று திடலுக்கு வரும் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றார்கள். டெஸ்டில் ஒன்றும் இல்லை, வெறும் சளி என்று தெரியும்வரை நான் தைத்த மாஸ்க்கெல்லாம் கோணல்.

தெருவில் என்னைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடுகிறது. ஊர்ப் பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டுத் தன் வீட்டுப் பிள்ளையை மாடியில் வைத்திருக்கிறாளே, அப்படியென்றால் இவளுக்கு ஏதோ தெரியும் என்று இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளையும் நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் மெஷினில் நூல் மாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் வாண்டு இல்லை. கதவு திறந்து கிடக்கிறது. வேன் ஞாபகம் வந்து, எப்படிப் படி இறங்கினேன் என்றே தெரியாது. கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். கேட் அகலத் திறந்திருக்கிறது, கூப்பிடு தூரத்தில் காலியாக ஒரு ஊஞ்சல். "நான் உள்ள போகல அத்தை. அப்பா வேணாம்னாங்கல்ல, வெளியில நின்னுதான் பாத்தேன்" என்றாள். அடிக்க ஓங்கிப் போன கை அப்படியே நின்றுவிட்டது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பி, நான் மக்கு இல்லை. ஒரு மாதமாக உன் கடிதத்தில் நர்சம்மா சுகம் என்று ஒரு வரி இல்லை. பள்ளிக்கூடத்தை விசாரிக்கச் சொல்கிறாய். கண்ணாடி வழியாகத் தெரிகிறது என்கிறாய், எந்தக் கண்ணாடி? அவளுக்கு என்ன? பூசி மெழுகாமல் எழுது. நான் தாங்குவேன். எழுதாமல் இருக்கிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 9

அக்கா,

போனில் சொல்ல நினைத்து எத்தனையோ தடவை எண்ணைப் போட்டேன். உன் வீட்டுப் போனில் நான் ஒரு வார்த்தை சொன்னாலும் வாண்டு காதில் விழும். நீ அலறினாலும் விழும். அதனால்தான் எழுதுகிறேன். இதை அவள் இல்லாத இடத்தில் படி.

ஜூன் கடைசியில் உன் நர்சம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாம்பிள் எடுத்தார்கள். அது என் மேஜைக்குத்தான் வந்தது. அன்றுதான் முதல்முறையாகச் சீட்டில் பெயரைப் படித்தேன். நர்சுகள் உடை மாற்றுகிற அறைக்கு ஜன்னலே கிடையாது, அங்கே நாலைந்து பேருக்கு ஒன்றாக வந்திருக்கிறது. அவள் என்னிடம் சண்டை போட்டுச் சொன்னது சரிதான்.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தாள். யாரிடமும் சொல்லாதீர்கள், இரண்டு வாரத்தில் எழுந்துவிடுவேன் என்றாள். அதனால் போன் தண்ணீரில் விழுந்தது என்று எழுதினேன். பிறகு மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டும் என்றார்கள். வைப்பதற்கு முன்னால் கண்ணாடிக்கு வெளியே நின்ற என்னை இன்டர்காமில் கூப்பிட்டாள். விட்டு விட்டுத்தான் பேசினாள். "வாண்டுவ வெளிய விடச் சொல்லுங்க. ஜன்னல்லயே நிக்க வேணாம்" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

ஆட்டினேனே தவிர உனக்கு எழுதவில்லை. அவளும் அப்படிக் கிடக்கும்போது வாண்டுவையும் வெளியே விட எனக்குத் தைரியம் இல்லை. அனுப்பாதே என்று மாற்றி எழுதினேன். அவள் எழுந்து வந்ததும் நானே சொல்லித் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் போய்விட்டாள் அக்கா. எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே முடித்துவிட்டார்கள். நான் தூரத்தில் நின்றேன். படம் கடைசிவரை கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

பஸ் விட்டதும் வருகிறேன். எப்போது விடுவார்கள் என்று தெரியாது. வாண்டுவிடம் நான் வந்து சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா, எனக்கு எதுவும் ஓடவில்லை. நீ எது செய்தாலும் சரி.

அவளை வெளியே விடு அக்கா.

தம்பி

ஆகஸ்ட் 16

என் தம்பிக்கு,

நலமா என்று கேட்க இந்தத் தடவை கை வரவில்லை. சாப்பிடு. சமைக்க முடியாவிட்டால் கேன்டீனில் வாங்கியாவது சாப்பிடு. பஸ் விடுகிற அன்றைக்கே, முதல் வண்டியிலேயே கிளம்பு. உன் மாமா டிப்போவில் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வாண்டுவிடம் சொல்லிவிட்டேன். நீ வரும்வரை பொய் சொல்லிக்கொண்டிருக்க என்னால் ஆகாது, நீ பட்ட பாடு போதும். எப்படிச் சொன்னேன், அவள் என்ன கேட்டாள் என்பதை நேரில் சொல்கிறேன். எழுத வராது. அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தை மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கீழ் வாசல் படியில் உட்கார்ந்து படித்தேன். மேலே போய் உன் மாமாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். நான் முகம் கழுவிக்கொண்டு, வாண்டு செருப்பைப் போடு, திடலுக்குப் போகலாம் என்றேன். அவள் நம்பவில்லை. "அப்பா சரின்னாங்களா?" என்று கேட்டாள். "அம்மா போகச் சொன்னா" என்றேன். அது பொய் இல்லையே தம்பி.

கேட்டில் மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார். அவர் மகள் கட்டுப் போட்ட காலோடு பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒதுங்கி வழி விட்டார். வாண்டு உள்ளே வந்தும் ஓடவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "இதத் தொடலாமா அத்தை?" என்று கேட்டுக் கேட்டுத் தொட்டாள். பிறகுதான் ஊஞ்சலில் ஏறினாள். நான் தள்ளினேன். இன்னும் மேலே, இன்னும் மேலே என்று கத்தினாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அவள் முதுகுப் பக்கம் நின்றதால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் கூட்டிவந்தேன். சாயங்காலம் மங்க மங்க மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். வாட்ச்மேனும் சாவியோடு வந்து நின்றார். வாண்டு தானாகவே காலைத் தரையில் தேய்த்து ஊஞ்சலை நிறுத்தினாள். இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் அத்தை, பசிக்குது, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆடு கண்ணு" என்று சொல்லி நான்தான் அவளைத் திரும்பத் தூக்கி ஊஞ்சலில் உட்காரவைத்தேன்.

அக்கா